ஆயிரம் சீசீயும் ராத்தாவின் பாரமும்

இங்கிலாந்தில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியர் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் இருவரும் ஒரே கதவால் ஒன்றாக வெளியே வருவார்கள். கதவைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு வாகனத்தில் ஏறி, ஒன்றன் பின் ஒன்றாக ஒரே சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். அங்கே போய் ஒரே தள்ளுவண்டியைச் சேர்ந்து தள்ளிக்கொண்டு சாமான் வாங்குவார்கள். என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். வந்த புதிதில், பாவம், புருசன் பெண்சாதிக்குள் ஏதோ பிணக்கு என்று நினைத்துத் துஆவெல்லாம் கேட்டேன். பிறகொரு நாள் மனுசனிடமே விசாரித்தேன். அவளுக்கு இருக்கையை முன்னுக்கு இழுக்க வேண்டும், எனக்குப் பின்னுக்குத் தள்ள வேண்டும், அதுதான் என்றார். புத்தளத்தில், எங்கள் தில்லையடியில், ஒரு வேன் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறது என்றால் முழு ஒழுங்கைக்கும் தெரிந்துவிடும். இடமிருக்கா என்று கேட்டுக்கொண்டே ஏறிவிடுவார்கள். பதில் வருவதற்குள் மடியில் ஒரு பிள்ளையும் காலடியில் ஒரு தேங்காய் மூடையும் வந்திருக்கும். இருக்கையை முன்னுக்கு இழுப்பதா பின்னுக்குத் தள்ளுவதா என்று யோசிக்க அங்கே யாருக்கு இடம் இருந்தது?

இப்போது நானும் ஒரு குடும்ப வாகனம் தேடுகிறேன். இங்கே எஸ்யூவி என்கிறார்கள். புத்தளத்தில் உயரமாக நிற்கிற எல்லாமே ஜீப்தான். ஆறு மாதத்தில் ஒன்பது வாகனம் ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் மனதுக்குச் சரிவரவில்லை. வெளியே பார்த்தால் ஆனை. மூடியைத் திறந்தால் உள்ளே மூன்று சிலிண்டரில் தையல் மெஷின் மாதிரி ஒரு என்ஜின். பெற்றோலை மிச்சம் பிடிக்கும், காற்றைக் கெடுக்காது, வரி குறைவு என்று விற்பனையாளர்கள் புகழ்கிறார்கள். நல்லது, சந்தோசம். ஆனால் மேட்டில் ஏற்றினால் முனகுகிறது. நெடுஞ்சாலையில் நுழையும்போது பின்னால் லொறி வர, அக்சிலேட்டரை மிதித்தால், வேகம் பிடிக்குமுன் ஒரு கலிமா சொல்லி முடிக்க நேரம் இருக்கிறது. இறங்கி வந்து ஒவ்வொரு முறையும் நான் சொல்வது ஒன்றுதான்: இழுவை காணாது, போதாது.

ஐந்தாவது இடத்திலோ ஆறாவது இடத்திலோ ஒரு விற்பனையாளர், நல்ல மனுசன், என் குறையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பின்னால் எதையாவது கட்டி இழுப்பீர்களா என்று கேட்டார். இப்போதைக்கு இல்லை என்றேன். அவர் என்ன விளங்கிக்கொண்டாரோ, அதற்குப் பிறகு என்னிடம் கரவன் வண்டிகளைப் பற்றியே பேசினார். கடலோரத்தில் குடும்பத்தோடு கரவனை நிறுத்தித் தங்கக்கூடிய இடங்களை ஒரு கடதாசியில் எழுதியும் தந்தார். எனக்குக் கரவன் கிடையாது, வாங்கும் எண்ணமும் கிடையாது. ஆனால் வேறு காரணம் கேட்டுவிடுவாரே என்று தலையை ஆட்டி வாங்கி வைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் என் மனைவி பஸ்லியா பொறுமை இழந்துவிட்டாள். "நாலு பேர ஏத்த எவ்வளவு இழுவை வேணும்? எதத்தான் இழுக்கப் போறீங்க?" என்றாள். பதில் என்னிடம் இருந்தது. வெட்கத்தில் வாய் வரவில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கும் என்னைப்போல் பரதேசம் வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவளும் வாசிக்கட்டும்.

போர் முடிந்து சில வருடங்கள் போயிருந்தன. பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறைக்கு ஐந்து வாரம் புத்தளம் போயிருந்தோம். அந்த ஐந்து வாரத்துக்குள் ராத்தாவுக்கு, என் அக்காவுக்கு, ஒரு ஜீப் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவதென்பது என் திட்டம். ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் மன்னார்க் கரையைச் சேர்ந்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களை எல்லாம் இயக்கத்துக்காரர் வெளியேறச் சொன்னபோது போட்டில் ஏறிக் கற்பிட்டியில் வந்து இறங்கி, தில்லையடி அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் குடியிருந்தோம். எனக்கு அப்போது ஐந்து வயது, ராத்தாவுக்குப் பதினான்கு. உம்மா முகாமிலேயே மவுத்தாகிவிட்டார், தாயில்லாப் பிள்ளைகளானோம். வாப்பா உப்பளத்தில் கூலிக்குப் போனார். எனக்குச் சோறு போட்டது, தலை சீவிவிட்டது, மதுரசாவுக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் ராத்தாதான். தன் படிப்பை விட்டு என்னைப் படிப்பித்தார். இன்று அவருக்குச் சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய், உடம்பும் பெருத்துவிட்டது, வலது முழங்கால் மடங்காது. போருக்குப் பிறகு எலுவன்குளத்தால் காட்டுப் பாதை திறந்து, சனம் ஊரைப் பார்க்கப் போய்வரத் தொடங்கியது. வாப்பாவின் காணியையும் யாரோ புண்ணியவான்கள் துப்புரவாக்கியிருந்தார்கள். ராத்தா மட்டும் போகவில்லை. பஸ்ஸில் அவ்வளவு தூரம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்க முடியாது என்றார். நான் ஜீப் வாங்கி நானே ஓட்டி உங்களை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்று போனில் வாக்குக் கொடுத்திருந்தேன். அவரும் அதை அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

இலங்கையில் என்ஜினின் அளவைப் பார்த்துத்தான் வரி. ஆகவே நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுகிற ஜீப்பெல்லாம் ஆயிரம் சீசீ. புத்தளத்தில் ஒன்று பார்த்தேன், சிலாபத்தில் ஒன்று பார்த்தேன். சிலாபத்துக்காரர் தமிழும் சிங்களமும் கலந்து மரியாதையாகப் பேச, நான் வேண்டுமென்றே இங்கிலீசில் பதில் சொன்னேன். இரண்டு இடத்திலும் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, இதுவும் ஒரு என்ஜினா, எங்கள் நாட்டில் புல்லு வெட்டுகிற மெஷினுக்கே இதைவிட வலு இருக்கும் என்றேன். எங்கள் நாடாம்! பக்கத்தில் ராத்தாவின் புருசன், ஸலீம் மச்சான், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இருபது வருடமாகக் கற்பிட்டியில் மீன்பிடிப் போட்டுகளுக்கு என்ஜின் திருத்துகிறவர். அந்த மனுசனுக்கு நான் இழுவையைப் பற்றி வகுப்பெடுத்தேன். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதுதான். அவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஜீப் கற்பிட்டிப் பக்கம், மச்சானுக்குப் பழக்கமான மரியதாஸ் அண்ணன் வீட்டில் நின்றது. கத்தோலிக்கர், கடல் தொழில் செய்கிறவர். இத்தாலியில் இருக்கிற மகன் அப்பா அம்மாவுக்கென்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். கடலே கதியென்று கிடக்கிறவருக்கு அதை ஓட நேரமில்லை. முற்றத்தில் படங்கு மூடி, கோழி முட்டையிட நின்றது. நல்ல கைக்குப் போகட்டும் என்றுதான் விற்கிறேன் என்றார். எங்களூரில் வாகனம் பார்க்கப் போவதென்றால் அதில் ஏறப்போகிற அத்தனை பேரும் போக வேண்டும், பெண் பார்க்கப் போகிற மாதிரி. கற்பிட்டி பஸ்ஸில் நான், பஸ்லியா, எங்கள் இரண்டு பிள்ளைகள், ராத்தா, மச்சான், ராத்தாவின் மகள், அவள் கைக்குழந்தை எல்லோரும் போய் இறங்கினோம். ஜீப்பிலேயே எங்களைத் தில்லையடிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு மரியதாஸ் அண்ணன் திரும்பி வருவது, அதுதான் ஓட்டிப் பார்ப்பு என்று பேச்சு.

எல்லோரும் ஏறினார்கள். முன்னுக்கு நானும் மரியதாஸ் அண்ணனும், பின்னுக்குப் பெண்களும் பிள்ளைகளும், மச்சான் சாமான் வைக்கிற இடத்தில் காலை மடித்துக்கொண்டு. ராத்தா அன்று புது அபாயா உடுத்தியிருந்தார். நான் நேரே தார் றோட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் போட்டுகள் இழுத்துப் போடுகிற மணல் பாதையில் விட்டேன். இதில் ஓடினால்தான் என்ஜினின் யோக்கியதை தெரியும் என்றேன். "தம்பி, அந்தப் பக்கம் வேணாம், அது ட்ரக்டர் போற மணல்" என்று மரியதாஸ் அண்ணன் சொன்னார். எங்கள் நாட்டில் பனியிலேயே ஓட்டுகிறவன் நான் என்றேன். ஐம்பது யார் தூரம்கூடப் போகவில்லை, முன் சில்லுகள் இரண்டும் புதைந்துவிட்டன. மிதித்தேன். இன்னும் புதைந்தது. காற்றைக் கொஞ்சம் இறக்குவோம் என்று அவர் தொடங்க, காற்றில்லை அண்ணன், என்ஜின் என்று வெட்டினேன். மிதிக்க மிதிக்க ரப்பர் மணம். பிள்ளைகள் பின்னால் சிரிக்கிறார்கள். வலைக்காரர் நாலைந்து பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். மானம் போகிறதே என்ற ஆத்திரத்தில் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பார்வை போய் நின்றது ராத்தாவில்.

"ராத்தா, நீங்க மட்டும் கொஞ்சம் இறங்குங்க" என்றேன்.

நீங்க மட்டும். எட்டுப் பேரும் ஒரு குழந்தையும் இருக்கிற வாகனத்தில் மடங்காத காலோடு இருக்கிற ஒருவரைப் பார்த்து இதைச் சொன்ன நாக்கு இப்போதும் என் வாயில்தான் இருக்கிறது. ராத்தா கதவைப் பிடித்து, நல்ல காலை முதலில் ஊன்றி, மெல்ல இறங்கினார். மணல் கொதித்தது. பின்கதவு திறந்து மச்சானும் இறங்கி முன்னால் வந்தார். முன் சில்லுகளுக்குப் பக்கத்தில் குந்தி இரண்டு பக்கமும் ஏதோ செய்தார். மணல் கிண்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மெதுவாக மிதிக்கச் சொல்லிக் கை காட்டினார். மிதித்தேன், ஜீப் ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு வெளியே வந்தது. என் பிள்ளைகள் கை தட்டினார்கள். கால் புதையப் புதைய நடந்து வந்த ராத்தா, மூச்சு வாங்கிக்கொண்டு, முகத்தில் சிரிப்போடு சொன்னார்: "பாத்தியா தம்பி, எண்ட பாரம்தான்." நானும் சிரித்தேன்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தார் றோட்டுக்கு ஏறும் சந்தியில் பஸ் தரிப்பு. ராத்தா அங்கே நிறுத்தச் சொன்னார். நானும் மச்சானும் பஸ்ஸில் வாறோம், நீ வாகனத்தை வடிவாக ஓட்டிப் பார், பாரம் இல்லாட்டி ஓடும் என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். நான் சொன்னது "சரி". ஏனென்றால் எனக்கும் அந்த நீட்டு றோட்டில் வேகம் பார்க்க ஆசை. கண்ணாடியில் அவர்கள் இருவரும் தரிப்பில் நிற்பது சிறிது தூரம் தெரிந்தது. அப்படியும் ஜீப் மந்தமாகத்தான் ஓடியது. முதல் டயர் கடையைக் கண்டதும் மரியதாஸ் அண்ணன் நிறுத்தச் சொல்லி முன் சில்லுகளுக்குக் காற்று அடிப்பித்தார். டயரில் காற்றும் நிற்பதில்லை என்று அதையும் குறையாக மனதில் குறித்துக்கொண்டேன். தில்லையடியில் இறங்கியதும், அண்ணன், குறை நினைக்காதீங்க, இந்த என்ஜின் எங்களுக்குச் சரிவராது என்று சாவியைக் கையில் கொடுத்தேன். அவர் ஒரு பிளேன்டி மட்டும் குடித்துவிட்டு, மகனுக்கு என்னத்தைச் சொல்றதோ என்று சொல்லிக்கொண்டு போனார்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து ராத்தா வந்து சேர்ந்தார். கையில் ஒரு பொதி. கற்பிட்டிக் கருவாடு, நீ கொண்டு போக என்றார். பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்றுகூட நான் கேட்கவில்லை. மச்சான் குழாயடியில் கால் கழுவப் போக, நானும் பின்னால் போனேன். ஆயிரம் சீசீ என்றால் இப்படித்தான் மச்சான், பார்த்தீர்களா, ஒரு ஆள் இறங்க வேண்டி வந்துவிட்டது என்று தொடங்கினேன். அவர் காலைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"என்ஜின்ல ஒரு குறையுமில்ல மச்சான். ஆள் இறங்கினதால வரவுமில்ல. நான் டயர்ல காத்த இறக்கினன். கடக்கர மணல்ல எல்லாரும் செய்றதுதான். அவவும் பாத்துக்கிட்டுதான் நின்டா."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. ராத்தாவுக்குத் தெரியுமா என்றேன். தெரியும், கற்பிட்டியில் போட்டுக்காரனோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்துகிறவளுக்கு இது தெரியாதா என்றார். தெரிந்துகொண்டுதான் ராத்தா எண்ட பாரம் என்றிருக்கிறார். என் பெண்சாதி பிள்ளைகளுக்கு முன்னால், அந்த வலைக்காரர்களுக்கு முன்னால், தம்பிக்கு ஓட்டத் தெரியவில்லை என்று ஆகிவிடக் கூடாதென்று தன் உடம்பைப் பழியாகக் கொடுத்திருக்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தையும் சொன்னேன், கூடத்தில் இருந்தவரையும் சொன்னேன்.

மச்சான் குழாயைப் பூட்டினார். அதிகம் கதைக்கிற மனுசன் இல்லை. அன்று கதைத்தார். "அவ உங்களுக்காக இறங்கினது புதுசில்ல மச்சான். தொண்ணூறுல இதே கற்பிட்டிக் கரையில, வந்த போட்டு மணல்ல பொறுத்து அசையாம நின்டிரிச்சி. பாரத்தக் குறைங்க எண்டு போட்டுக்காரன் சத்தம் போட்டிரிக்கான். சின்னப் பிள்ளையள் இரிக்கலாம், பெரியாக்கள் இறங்குங்க எண்டு. அவவையும் பிள்ளையெண்டுதான் விட்டானாம். உங்களுக்குக் காய்ச்சல், உங்களப் படுக்க வெக்க இடம் வேணுமெண்டு அவவா இறங்கிட்டா. நெஞ்சளவு தண்ணி. உங்கட கால் நனையல்ல."

என் கால் நனையவில்லை. இதை வாசிக்கிற உங்களுக்கு அதன் கனம் தெரியாது, சொல்கிறேன். இங்கிலாந்தில் என் மகளின் பள்ளிக்கூடத்தில் அகதிகளைப் பற்றிப் பேச ஒருமுறை என்னை அழைத்திருந்தார்கள். மேடையில் ஏறி, ஐந்து வயதில் கழுத்தளவு கடலில் நடந்து கரை சேர்ந்தேன் என்று பேசினேன். ஆசிரியைகள் கண்ணைத் துடைத்தார்கள், எழுந்து நின்று கைதட்டினார்கள். பொய் சொல்கிறேன் என்று நினைத்துச் சொல்லவில்லை. சின்ன வயதில் ராத்தா சொன்னதைக் கேட்டுக் கேட்டு அந்தத் தண்ணீரை என் கழுத்தில் நானே ஏற்றிக்கொண்டேன் போலிருக்கிறது. அந்தப் பேச்சின் வீடியோவைப் பெருமையாகத் தில்லையடிக்கு அனுப்பியும் வைத்தேன். இங்கிலீசு விளங்குகிற மகளைப் பக்கத்தில் வைத்து, சொல்லுக்குச் சொல் கேட்டு, ராத்தா அதை நாலைந்து தரம் பார்த்தாராம். பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று மச்சானிடம் கேட்டேன். "நல்லாக் கதைக்கிறான் எண்டா. அவ்வளவுதான்" என்றார்.

மறுநாளே மரியதாஸ் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். ராத்தா கேட்டால் தருகிறேன் என்றார். ராத்தா கேட்கவில்லை. வேணாம் தம்பி, ஓட ஆளில்லாத வாகனம் எனக்கென்னத்துக்கு, பஸ் காணும் என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் காலைப் பிடித்திருப்பேன். கோபமே இல்லை. புறப்படுவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால், பெரிய என்ஜின் பூட்டிய பதினைந்து பேர் போகிற வேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஊருக்குப் போவோம் ராத்தா, முழு சீட்டும் உங்களுக்கு, காலை நீட்டிக்கொண்டு வரலாம் என்றேன். முழங்கால் குத்துகிறது, நீங்கள் போய் வாருங்கள் என்றார். நான்கு பேர் போனோம், பதினொரு இருக்கை சும்மா வந்தது. வாப்பாவின் காணியில் போய் நின்றபோது பக்கத்துக் காணிக்காரர் வந்தார். வாப்பாவின் பெயரைச் சொன்னேன். என்னை அவருக்கு அடையாளம் மட்டுக்கட்ட முடியவில்லை. அந்தப் பெரிய மகள் வரல்லயா, அவளைத்தான் எனக்குத் தெரியும் என்றார். அடுத்த முறை வருவார் என்றேன்.

அதிலிருந்துதான் எனக்கு இந்த இழுவைப் பைத்தியம். எந்த வாகனத்தில் ஏறினாலும் அந்த மணலும் அந்தக் கண்ணாடியும் வந்துவிடுகின்றன. யாரையும் இறங்கச் சொல்லாத ஒரு என்ஜின் வேண்டும் என்று தேடுகிறேன். என்ஜினில் குறை இருக்கவில்லை என்பது தெரிந்துகொண்டும் தேடுகிறேன்.

போன வாரம் பத்தாவது வாகனம். இரண்டாயிரம் சீசீக்கு மேல், டீசல், ஏழு இருக்கை. பஸ்லியா சலித்துப்போய் வரவில்லை. பக்கத்தில் விற்பனையாளப் பெடியன் இருந்தான். நகரத்துக்கு வெளியே நல்ல செங்குத்தான மேடு ஒன்று உண்டு. அதில் விட்டேன். ஒரு முனகல் இல்லை. பாதி மேட்டில் ராத்தாவின் குரல்பதிவு வந்தது. ஓரமாக நிறுத்தி, கேட்கப் பொத்தானை அமர்த்தினேன். என் போனை அவன் வாகனத்தோடு இணைத்திருந்தான். ராத்தாவின் குரல் ஏழு இருக்கைக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

"தம்பி, ஊருக்குப் போய் வந்துட்டன். மச்சானும் நானும் பஸ்ஸுலதான் போனோம். ஜன்னல் பக்கம் சீட்டுக் கிடைச்சிச்சி. போகக்குள்ளயும் வரக்குள்ளயும் ஒருத்தரும் இறங்கச் சொல்லல்ல. வாப்பாட காணில உண்ட பங்குக்கு அடையாளமா ஒரு கம்பு நட்டிட்டு வந்திரிக்கன். மழைக்கு முந்தி வந்து பாத்துக்க."

பெடியன் மரியாதையாகப் பதிவு முடியும் வரை காத்திருந்தான். உங்கள் மனைவியா, வாகனம் பிடித்திருக்கிறதாமா என்று கேட்டான். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவனுக்கு அது விளங்கிவிட்டது போலும், சிரித்தான். கீழே இறங்கித் திரும்புவோமா, மேலே போய்ப் பார்ப்போமா என்றான். மன்னாரில் எனக்கென்று ஒரு கம்பு வெயிலில் நின்றுகொண்டிருக்க, நான் அந்த மேட்டின் நடுவில், என்ஜின் ஓட ஓட, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இருந்தேன்.